ஆடுகிற கையில் ஓடும் கடிகாரம்

இன்று காலை உன் கடிகாரம் நின்றுவிட்டது. பெட்டிக்குள் கிடந்து நின்றிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். என் கையில் கட்டியிருக்கும்போதே நின்றது. மாதா கோயில் மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நேரத்தில் முள்கள் நின்று கிடந்தன. காதில் வைத்தேன். சத்தமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைத்தான் திட்டினேன், வேறு யாரைத் திட்டுவது? "போனவ இதையும் கூடவே கொண்டு போயிருக்கலாம்ல" என்று உரக்கவே சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

நான் இப்போது கட்டிலோடு கிடக்கிறேன். ஆமாம், நானேதான். சிரிக்காதே. கொல்லையில் காயப்போட்ட கருவாட்டைக் காக்கை தூக்குகிறதென்று ஓடி, படியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பை உடைத்துக்கொண்டேன். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. காக்கை கருவாட்டையும் கொண்டுபோய்விட்டது. கட்டுப் போட்ட டாக்டர் சின்னப் பையன், என்னிடம் ஊசி குத்திக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளில் ஒருவனாகத்தான் இருப்பான். "அசையாம கெடந்தீங்கன்னா நடக்கலாம். அசைஞ்சீங்கன்னா இப்புடியே கெடக்கலாம்" என்று என்னிடமே சொல்கிறான். இதே வார்த்தையை உன் கட்டிலருகே நின்று உனக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சொல்வது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறது. உத்தரத்தை எண்ணுகிறேன், ஓடுகளை எண்ணுகிறேன், மறுபடியும் உத்தரத்தை எண்ணுகிறேன். உடம்பெல்லாம் நமநமவென்று இருக்கிறது.

நீயும் நானும் எப்படி ஒட்டினோம் என்று ஊரில் கேட்காத ஆளில்லை. உன் வீடு பள்ளிவாசல் தெருவில் கடைசி, என் வீடு கோயில் தெருவில் கடைசி. இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு வேலி. நாம் நுழைந்து நுழைந்து அதில் விழுந்த ஓட்டையை உன் உம்மாவும் என் அம்மாவும் மாற்றி மாற்றி அடைத்துப் பார்த்துக் கடைசியில் கைவிட்டார்கள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நீ உட்கார்ந்தால் மணியடிக்கும்வரை உட்கார்ந்தபடி இருப்பாய். நான் பெஞ்சு நுனியில் தொத்திக்கொண்டிருப்பேன். "தெரேசா, உனக்குக் கால்ல சக்கரமா?" என்று மதர் கேட்டபோது, "இல்ல மதர், அவளுக்கு உள்ளுக்குள்ளேயே சக்கரம்" என்று நீ எழுந்து பதில் சொல்லி, அதற்கு இரண்டு பேரும் வெளியே நின்றோம். வெளியே நின்றபோதும் நீ அசையாமல்தான் நின்றாய்.

அந்தச் சக்கரத்துக்கு ஏற்ற வேலையும் எனக்குக் கிடைத்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலோரக் குப்பங்களுக்கு நடந்துபோய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. காரைக்கால்மேடு ஒரு நாள், கோட்டுச்சேரிமேடு ஒரு நாள், மண்டபத்தூர் ஒரு நாள். என்னைத் தூரத்தில் கண்டதுமே "ஊசிக்காரி வர்றா" என்று பிள்ளைகள் படகுக்கு அடியில் போய் ஒளியும். கல்யாணம் எனக்கு அமையவில்லை. "அமைஞ்சிருந்தா அந்த மனுசன் ஒன் பின்னாடியே ஓடி எளைச்சே போயிருப்பாரு. தப்பிச்சாரு" என்பாய். உனக்கு அமைந்தது. உங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை உன் உம்மா வீட்டுக்கு வந்தார். அதனால் நீ வேலிக்கு அந்தப்பக்கம் அப்படியே இருந்தாய், எனக்கு அது போதும். உன் வீட்டுக்காரரை, நீங்களெல்லாம் அண்ணன் முறைக்கு மரியாதையாக அழைக்கிற மாதிரி, நானும் நானா என்றே அழைத்தேன்.

நானா முதல் பயணம், உங்கள் பேச்சில் சபர், முடிந்து துபாயிலிருந்து வந்தபோதுதான் அந்தக் கடிகாரம் வந்தது. எழுபதுகளின் கடைசி. கனமான எவர்சில்வர் கடிகாரம், கிழமையும் தேதியும் காட்டும். அதைவிடப் பெரிய அதிசயம், சாவி கொடுக்க வேண்டாம் என்பது. நம் ஊரில் அதுவரை கடிகாரம் என்றால் காலையில் பல் விளக்கியதும் சாவி கொடுக்க வேண்டிய பொருள். "தானா ஓடும், நிக்கவே நிக்காது" என்று நானா சொல்லச் சொல்ல, தெருவே வந்து அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். கடைக்காரன் அப்படிச் சொல்லி விற்றிருக்கிறான். வாங்கிய நாளிலிருந்து கையைவிட்டுக் கழற்றவும் இல்லை, அதனால் அது நிற்கவும் இல்லை.

இரண்டாவது சபருக்குக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? வாசலில் சொந்தமெல்லாம் துவாச் செய்து வழியனுப்ப நிற்கிறது. அத்தனை பேர் நடுவில் பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். வெயில் கொளுத்துகிற மாதத்தில் குடை! நான் அலமாரி ஓரம் உன் துப்பட்டியை மடித்துக்கொண்டு நின்றேன். என்னை அவர் ஓர் ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தைக் கழற்றி உன் கையில் மாட்டினார். "இது ஓடுற வரைக்கும் நா நல்லா இருக்கேன்னு வச்சுக்க" என்றார். எனக்கு மூக்கு விடைத்தது. பம்பாய் போய், கப்பலேறி, முன்பின் தெரியாத பாலைவனத்துக்குப் போகிற மனிதன் வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பேச்சா இது? அவர் தெரு திரும்பியதுமே உன்னிடம் கேட்டேன். "ஆசைல சொன்னாருடி" என்றாய். உன் மணிக்கட்டுக்கு அது பெரிது. முழங்கை பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் போன பிறகுதான் உனக்கு நாள் தள்ளியிருப்பது தெரிந்தது. அதற்குமுன் இரண்டு முறை உனக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது முறை போனபோது நீ பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த கிடை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அதனால் இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுக்கையைவிட்டு எழக்கூடாது, தலை சீவக்கூடக் கையைத் தூக்கக் கூடாது, மனதில் கலக்கம் கூடாது. சொன்னது அவர், அதை உங்கள் வீட்டில் நடத்திவைக்கிற போலீஸ்காரி நான். உட்காரத் தெரிந்தவளுக்குப் படுக்கவும் தெரிந்தது. ஒரு நாள் லேசாக உதிரம் பட்டது. அன்றிலிருந்து நீ மூச்சைக்கூட அளந்து விட்டாய். பக்கவாட்டில் திரும்பக்கூட என்னைக் கேட்பாய்.

அந்தச் சமயம் பார்த்து நானாவிடமிருந்து கடிதம் வருவது நின்றது. முதலில் தபால் தாமதம் என்றோம். பிறகு பெருநாள் நெருக்கடி என்றோம். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். தபால்காரரின் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டால் உன் உம்மா நிலைப்படிக்கு வந்துவிடுவார்கள். சைக்கிள் தாண்டிப் போகும். உம்மா திரும்பிவந்து யாசீன் ஓத உட்காருவார்கள். நீ கேட்கவே மாட்டாய். கடிகாரத்தை மட்டும் பார்ப்பாய்.

அன்று நான் மண்டபத்தூரிலிருந்து வேலை முடிந்து வேலி வழியாக நுழைகிறேன். உம்மா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "தெரசு, நின்னுபோச்சும்மா" என்றார்கள்.  வயிற்றில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து ஐஸ் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நீ மல்லாந்து கிடந்தாய். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டினாய்.

"அவரு மவுத்தாயிட்டாரு, தெரசு."

"வாயக் கழுவு."

"ஓடுற வரைக்கும் நல்லா இருப்பேன்னு அவருதானே சொன்னாரு? நிக்கவே நிக்காத சாமான் அது. நின்னுபோச்சு."

சொல்லிக்கொண்டே உன் கை கழுத்தில் கல்யாணத்தன்று கட்டிய கருகமணிக்குப் போனது. கழற்றப் போனாயோ, சும்மா தொட்டாயோ, எனக்குத் தெரியாது. நான் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன். கம்பெனிக்காரன் செஞ்ச இரும்புச் சாமானுக்கும் நானா உசுருக்கும் என்னாடி சம்பந்தம்?" என்று கத்தினேன். உம்மா தலைமாட்டில் விம்ம ஆரம்பித்தார்கள். "நீங்களும் ஆரம்பிக்காதீங்க உம்மா!" என்று அவர்களுக்கும் ஒரு சத்தம் போட்டேன்.  நீ கலங்கினால் பிள்ளை போய்விடும். நீ கலங்காமல் இருக்க நானாவை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? கடைசியில் "ரிப்பேருதான், நாளைக்கே பாத்துக் குடுத்துர்றேன்" என்று சொல்லி உன் கையிலிருந்து கழற்றி என் கையில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காரைக்கால்மேடு முறை. காலையில் கடையெல்லாம் பூட்டியிருந்தது, வேலையை முடித்துவிட்டு ரிப்பேர் பார்க்கலாம் என்று நடந்தேன். வீடு வீடாக ஏறி இறங்கி, ஓடுகிற பிள்ளைகளைத் துரத்திப் பிடித்து, மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு வந்தபோது தற்செயலாகக் கையைப் பார்க்கிறேன், விநாடி முள் ஓடிக்கொண்டிருக்கிறது! ஏலக் கூச்சலில் காதில் வைத்து என்ன கேட்கும்? கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். ஓடத்தான் செய்கிறது. அந்த மணலில் நான் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்து, வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஆள்கள் யாருக்கோ என்னவோ என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

உன் கையில் மாட்டினேன். உன் முகத்தில் உயிர் வந்தது. உம்மா உடனே நாகூருக்கு நேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள்தான் நம் சந்தோஷம். அடுத்த நாள் மாலை நான் வரும்போது மறுபடியும் நின்றிருந்தது. இந்த முறை நீ சொன்னது இன்னும் மோசம். "ஒன் கையில ஓடுது. எங் கையிக்கு வந்தா நிக்குது. எந் தலையெழுத்துதான் அவரப் புடிச்சு நிறுத்துது, பாத்துக்க." பைத்தியக்காரியே என்று திட்ட வாயெடுத்தேன். உண்மையில் அப்படித்தானே நடந்திருக்கிறது?

கடைத்தெருவில் கடிகாரக் கடைக்குப் போனேன். நான் வேகுவேகென்று போய்ச் சேர்வதற்குள் பாழாய்ப்போனது ஓட ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. என்னா ரிப்பேரு?"

"நின்னுபோவுது."

"எப்ப?"

"வூட்டுக்குப் போனா நிக்குது. வெளில வந்தா ஓடுது."

"அப்ப வூட்டத்தான் ரிப்பேரு பாக்கணும்" என்றார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இருந்த நிலைமையில் அது சிரிப்பா? "ஒரு பொம்பள உசுரப் புடிச்சுக்கிட்டு அங்க கெடக்கா, ஒங்களுக்கு நக்கலா இருக்கா?" என்று நான் போட்ட கூச்சலில் கடைத்தெரு திரும்பிப் பார்த்தது. அவர் பயந்துபோய்க் கடிகாரத்தைத் துடைத்துக் கையில் கொடுத்து, கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்.

அடுத்த முறையும் அது நின்றது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்தப் பழைய கிடை.  கடிகாரத்தைப் பிடுங்கி, கொல்லைப் பக்கம் போய், "ஓடுறியா, இல்ல கெணத்துல போடவா" என்று கேட்டு உதறினேன். நாளெல்லாம் தெர்மாமீட்டரை உதறி உதறிப் பழகிய கை என்னுடையது. காய்ச்சல் பார்ப்பதற்குமுன் உதறுகிற அதே உதறல், அப்படியே நாலைந்து. கையில் ஏதோ உருண்டு திரும்புகிற மாதிரி இருந்தது. காதில் வைத்தேன். டிக் டிக். நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டினேன். உள்ளே ஒரு கனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கிறது. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இதற்குச் சாவி, கட்டியிருக்கிறவர்களின் கைதான். கை ஆடினால் ஓடும், கிடந்தால் நிற்கும். என்னைப்போல ஒருத்தி கையில் அது எந்தக் காலத்தில் நிற்கப்போகிறது? உன்னைப்போல மூச்சை அளந்து விடுகிறவள் கையில் எப்படி ஓடப்போகிறது?

வெற்றி பெற்றவளாக உள்ளே வந்து உன்னிடம் விளக்கினேன். உன் தலையெழுத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, நீ டாக்டரம்மா பேச்சைக் கேட்டு ஒழுங்காகக் கிடந்ததால் நின்ற கடிகாரம் இது என்று சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். நம்பினாய் என்று நினைத்துக்கொண்டு, தேநீர் போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நீ பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறாய். நெற்றியெல்லாம் வேர்வை. தலை சீவக்கூடத் தூக்கக் கூடாத கை. நான் தேநீரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, ஓடிவந்து பிடித்தேன்.

"அப்ப நா கைய ஆட்டுனா அவரு இருப்பாரு. ஆட்டாம கெடந்தா புள்ள இருக்கும். நா எதச் செய்ய, தெரசு?" என்று கேட்டாய். அப்போதுதான் அழுதாய்.

 அது வெறும் இயந்திரம் என்று இன்னொரு தடவை சொல்லலாம். அதை நீயும் அறிவால் அறிந்துவிட்டாய், ஆனால் உன் கை கேட்காது. கடிதம் வராத வீட்டில், இருளில் ஒரு பெண் எதைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாளோ அதைப் பிடுங்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து உம்மாவே மிரண்டார்கள்.

"ரெண்டையும் நீயே செய்யணும்னு யாருடி சொன்னா?" என்றேன். "நீ கெட. ஆடுறத நா பாத்துக்கிறேன்."

அதன்பிறகு நம் வேலைப் பங்கீடு அதுதான். கடிகாரம் என் கையில். இரவில்கூடக் கழற்ற மாட்டேன், பகலெல்லாம் ஆட்டுவேன், சாயங்காலம் வந்து என் மணிக்கட்டை உன் காதில் வைப்பேன். நீ கண்ணை மூடிக் கேட்பாய். போதும் என்று தலையசைக்கும்வரை நான் அசையாமல் இருக்க வேண்டும். எனக்கு அதுதான் அன்றைய நாளின் கஷ்டமான வேலை. கோட்டுச்சேரிமேட்டில் ஒருத்தி, "என்னா ஊசிக்காரம்மா, ஆம்பளக் கடியாரம் கட்டியிருக்கீங்க, யாருது?" என்று கேட்டாள். "பக்கத்து வூட்டுக்காரி புருசன். கையில கட்டிக்கிட்டுத் திரியுறேன்" என்றேன். அதை உன்னிடம் வந்து சொன்னபோது சிரிக்காமல் சிரித்தாயே, வயிறு குலுங்கக் கூடாதென்று உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு! அந்தச் சிரிப்புக்காகவே தினமும் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது. உட்காரவே பயம். எங்கே நின்றுவிடுமோ என்று படுக்கப்போகும்போதும் கையை ஆட்டிக்கொண்டே படுப்பேன். செப்டம்பர் மாதா திருநாளன்று நீண்ட பூசையில், எல்லாரும் முழங்காலிட்டு அசையாமல் இருக்கிறார்கள், நான் மட்டும் கையை உதறிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த கிழவி என் கையைப் பிடித்து, வாத நோய்க்கு ஒரு தைலம் சொன்னாள். அன்று நான் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். நானாவையும் அந்தப் பிள்ளையையும் காப்பாற்று, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஓடவிடு.

கடிதம் வந்தது. நான் தபால்காரர் சைக்கிளைத் தெருமுனையிலேயே மறித்து வாங்கினேன். கம்பெனி அவர்களைப் பாலைவனத்துக்குள் வேறு ஒரு இடத்துக்கு மாற்றியிருக்கிறது, அங்கே தபால் போடவே வழியில்லை, இப்போதுதான் ஊருக்குள் வந்தேன் என்று எழுதியிருந்தார். கடைசியில், கடிகாரம் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி. நான் உரக்கப் படித்து முடித்ததும் உம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீ அழவில்லை. "எழுது" என்றாய். "கடிகாரம் ஓடுது. தெரசு கையில ஓடுது. நாங்க ரெண்டு பேரும் அசையாம கெடக்குறோம்." நாங்கள் இரண்டு பேர் என்று நீ சொன்னதும் என்னையும் சேர்த்துத்தான் என்று நினைத்தேன். நீ வயிற்றைத் தொட்டுக் காட்டினாய்.

மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். அடுத்த சபர் முடிந்து நானா வந்தபோது, அவர் உட்காருவதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். "நிக்கவே நிக்காதுன்னீங்களே" என்று ஆரம்பித்து, உம்மா வந்து வாயைப் பொத்தும்வரை திட்டினேன். "கடக்காரன் அப்புடித்தானேம்மா சொன்னான்" என்று அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோலத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடிகாரத்தை உன் கையில் திருப்பிக் கட்டினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற கையில் அது நன்றாகவே ஓடியது. எண்பதுகள் முழுக்க, பிள்ளையை அடிக்க ஓங்கும்போதெல்லாம் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு அது சரிந்து விழும் சத்தம் வேலிக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்கும். அடி விழுந்ததாக எனக்கு நினைவில்லை.

நானா காலமானபோதுகூட அது நிற்கவில்லை, கவனித்தாயா? ஓடிக்கொண்டேதான் இருந்தது. "பாத்தியா, நா சொன்னேன்ல, இரும்புச் சாமான்" என்று உன்னிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நீயே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நீ கடைசியாகப் படுத்தபோது நான் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உன் மகள் "கொஞ்சம் ஒக்காருங்க தெரசும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றாள். நீ கண்ணைத் திறக்காமலேயே, "அவ நடக்கட்டும். அவ ஒக்காந்தா எனக்குப் பயமா இருக்கும்" என்றாய். பிறகு கையைத் தூக்கிக் காட்டினாய். கடிகாரம் நின்றிருந்தது. நான் பழக்கத்தில் பிடித்து ஆட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டாய். "எங் கையில போதும். நீ கட்டிக்க" என்றாய். கட்ட மாட்டேன், இந்தப் பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு வேலி வழியாக வந்துவிட்டேன். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து உன் மகள் அதைக் கொண்டுவந்து என் கையில் மாட்டினாள். அன்றைக்கு எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அன்றிலிருந்து நான் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றிக் கண்ணெதிரே வைப்பேன். இது ஓடுகிற வரைக்கும் நீ எங்கோ பக்கத்தில் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டேன். நானா பேசிய அதே பைத்தியக்காரப் பேச்சு. அதற்காக எவ்வளவு திட்டியிருப்பேன் அவரை! சந்தைக்கு நடப்பேன், கோயிலுக்கு நடப்பேன், ஒரு காரியமும் இல்லாமல் கடற்கரைக்கு நடப்பேன். இந்த வயதில் எதற்கு இப்படி அலைகிறாய் என்பார்கள். என்ன சொல்வது அவர்களிடம்? காக்கையைத் துரத்திக்கொண்டு ஓடியபோதுகூடக் கை வீசித்தான் ஓடினேன்.

அதனால்தான் காலையில் அப்படி அழுதேன். கையை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டினால் இடுப்பு அசைகிறது, இடுப்பு அசைந்தால் கால் உயிர் போகிறது. இரண்டு ஆட்டுக்கு மேல் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வையோடு நீ அன்று ஆட்டிக்கொண்டிருந்தது கண்முன் வந்தது. அன்று உனக்கு என்ன வலித்திருக்கும் என்று இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிகிறது. விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் காகிதத்தை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்தேன், இல்லை, படுத்தேன்.

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள் வேலியை விலக்குகிற சத்தம். உன் மகள் தினமும் அந்த வழியாகத்தான் சோறு கொண்டுவருகிறாள். தட்டை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.  குனிந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் மாட்டி, முழங்கை பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டாள். அச்சாக நீதான்.

"நீங்க கெடங்க, தெரசும்மா. ஆடுறத நா பாத்துக்கிறேன்" என்றாள்.

உன் மகளுக்கு இதை நான் சொன்னதில்லை. நீதான் எப்போதோ சொல்லியிருக்கிறாய், ஒரு வார்த்தை பிசகாமல்.  சோறு ஆறிப்போகும் என்று அதட்டிவிட்டு, அவள் வெளியே கொடியில் துணியை உதறிப் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். துணி முழுவதையும் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து, மணிக்கட்டை என் காதில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓடுகிறதுடி. நான் அசையாமல்தான் கிடக்கிறேன்.